தாரை வார்க்கும் கை நடுங்கும்

தர்ஷினி,

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, தாரை வார்க்கிறத சித்தப்பாவும் சித்தியும் செய்யட்டும்பா. நீங்க முன் வரிசையில வசதியா உக்காந்துக்குங்க," என்றாய். நான் "சரி" என்றேன். நான் சொல்ல வந்தது, "சரி, ஏன்னு கேக்கலாமா?" என்பது. மீதிப் பாதி தொண்டையிலிருந்து கிளம்பி வாய்க்கு வருவதற்குள், "தேங்க்ஸ்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். என் பேச்சு இப்போதெல்லாம் அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது. அது உனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. வலது கையால் எழுதினால் எழுத்து சிறுத்துச் சிறுத்து வரி முடிவதற்குள் காணாமல் போய்விடுகிறது. அதனால் இடது கையின் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத் தட்டுகிறேன் என்பதால் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதே.

ஆமாம், கோபம்தான். என் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் எழுதியே சொல்லிவிடுகிறேன். போனில் நீ சொன்னதை நான் ஒருவேளை மென்று விழுங்கியிருப்பேன். ஆனால் நேற்று சூலியா தெருவில் உன் மாமனாராகப் போகிறவரைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து ஒரு விஷயம் தெரிய வந்தது. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

தாரை வார்ப்பது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய். பெண்ணைப் பெற்றவன் தன் கையில் மகளின் கையை ஏந்திக்கொள்வான். பெற்றவள் செம்பிலிருந்து நீர் வார்ப்பாள். அந்த நீர் அப்பன் கையில் விழுந்து, மகள் கை வழியாக மாப்பிள்ளையின் கைக்கு இறங்கும். புருஷன் பொஞ்சாதி சேர்ந்து செய்கிற காரியம் அது. என்னை நாற்காலியில் உட்கார வைத்தால் உன் அம்மாவையும் சேர்த்துத்தான் உட்கார வைக்கிறாய். அதை நீ யோசித்தாயா? உன் அம்மா, "பிள்ளை ஆசைப்படுது, விடுங்களேன்" என்றாள். பினாங்கு தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வந்த அரக்குப் பட்டுச்சேலையை, கட்டில் மேல் விரித்து வைத்திருந்ததை, மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

நீ வேறு யாராவது ஒருத்தியாக இருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். படிக்காதவள், பயந்தவள், ஊர் வாய்க்கு அஞ்சுகிறவள் என்றால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ யார்? என் கை ஏன் நடுங்குகிறது என்பதை ஆராய்வதற்காகவே படித்துப் பட்டம் வாங்கி, அதற்காகவே தினம் லேப்புக்குப் போகிறவள். உலகத்தில் எல்லாரும் என் கையைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம், உனக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

நோய் எங்கே தொடங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? பாலிக் புலாவில், டுரியான் கடையில். நீ அப்போது யுனிவர்சிட்டி லீவில் வந்திருந்தாய். கடைக்காரன் பழத்தை உடைத்து நீட்டினான். நான் மூக்கருகில் கொண்டுபோய், "என்னய்யா, வாசமே இல்லை, போன வாரத்துப் பழத்த எங்க தலையில கட்டப் பாக்கிறியா?" என்று சண்டைக்குப் போய்விட்டேன். அவன் பாவம், பழத்துக்கு மேல் பழமாக உடைத்துக் காட்டினான். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, வாசம் நம்ம கார் வரைக்கும் அடிக்குதுபா, பேசாம வாங்க" என்றாய். வழியெல்லாம் நீயும் அம்மாவும் சிரித்துக்கொண்டு வந்தீர்கள், எனக்கு மூக்கில்லை என்று. பல வருஷம் கழித்து நீதான் சொன்னாய், இந்த நோயில் பல பேருக்கு வாசனைதான் முதலில் போகும், கை நடுங்க ஆரம்பிப்பதெல்லாம் ரொம்பப் பின்னால் என்று. அந்தக் கடைக்காரனைத் திரும்பப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கை நடுங்க ஆரம்பித்த பிறகு எனக்குக் கிடைத்த பட்டங்களைச் சொல்லட்டுமா? பாயான் பாருவில் நம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி" என்று விட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். சுங்கை பட்டாணி அத்தை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். பேரங்காடியில் ஒரு காவலாளி வழிமறித்து, "அங்கிள், மாபோக் கா?" என்று கேட்டான். காலையில் பத்து மணிக்கு, வாழ்நாளில் சொட்டுக் குடிக்காதவனைப் பார்த்து, குடித்திருக்கிறாயா என்று. அதற்கும் மேலே ஒன்று உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில், உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருந்த இடத்தில் நான் ஓரமாக நின்றேன். கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, முகம் அசையவில்லை. ஒரு அம்மா வந்து தடாலென்று காலில் விழுந்துவிட்டாள். "சாமி, எம்மவனுக்கு வேல கெடைக்குமா, ஒரு வாக்கு சொல்லு சாமி" என்றாள். நான், "இது சாமி இல்லம்மா, சீக்கு" என்றேன். அந்த அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "பாத்தியா, சாமி நம்மளச் சோதிக்குது" என்றாள். அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இதையெல்லாம் அப்போது உன்னிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆடுகிற கையைப் பார்த்தால் சாமி, குடி, செய்வினை என்று எது எதுவோ தோன்றுகிறது. நோய் என்ற ஒன்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. தெரிந்த பிறகாவது மனிதனாக மதிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நான் எதிரே நிற்கும்போதே கடைக்காரர் உன் அம்மாவைப் பார்த்து, "அங்கிளுக்கு என்ன வேணும்?" என்கிறார். டாக்டர் உன் அம்மாவிடம், "இவர் நல்லாத் தூங்குறாரா?" என்று கேட்கிறார். தூங்குகிறவன் நான். என்னிடம் கேட்டால் என்ன? பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதானே? அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் இல்லை.

ஒருத்திக்கு மட்டும் இருந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகு நீ வீட்டுக்கு வந்த அந்தச் சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். சமையலறை மேசையில் என்னை உட்கார வைத்து, அம்மா பூக்கட்டுகிற நூல்கண்டிலிருந்து ஒரு துண்டு நூலை அறுத்து என் முன்னால் போட்டாய். "இதுதான்பா ஆல்பா சைனுக்ளின். ஒரு புரதம். நம்ம எல்லார் மூளையிலயும் இருக்கு. சும்மா தொளதொளன்னு கெடக்கும். நரம்பு நுனியில, கை கால சரியா அசைய வைக்கிற டோபமின் வச்சிருக்கிற குட்டிக் குட்டிப் பைங்க இருக்கு, அதுங்களுக்கு ஒத்தாசை பண்ணும், அதான் அதோட வேல" என்றாய். பிறகு நூலை முன்னும் பின்னும் மடித்துத் தட்டையாக அழுத்தினாய். "சில பேருக்கு இது இப்படித் தப்பா மடிஞ்சிடும். மடிஞ்சது ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அதுகூடப் பரவால்ல. தப்பா மடிஞ்சது பக்கத்துல இருக்கிற நல்லதையும் தன்ன மாதிரியே மடிய வச்சிடும். அதான்பா கொடும."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாதி ஆயுசை எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் மெஷின் ரிப்பேரில் கழித்தவன் நான். "பழுதான போல்ட் பக்கத்து போல்ட்டப் பழுதாக்காதே? இது எப்படி?" என்று கேட்டேன். உன் கண் அப்படி மின்னியது. "அதாம்பா கேள்வி. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்றாய். செல்லுக்குள்ளேயே குப்பை அள்ளும் ஏற்பாடு உண்டு, இந்தக் கட்டிகள் சேரச் சேர அதுவும் அடைத்துக்கொள்ளும் என்றாய். நம் பிளாட்டில் குப்பை லாரி வராத வாரம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செல்லுக்குச் சக்தி தருகிற மின்நிலையங்களும் சேர்ந்து பழுதாகும், கட்டி ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கும் போகும் என்றாய். நடுமூளையில் கருப்பாக ஒரு பட்டை இருக்குமாம், டோபமின் செய்கிற செல்கள் அங்கேதான் இருக்கின்றனவாம். அவை செத்துக்கொண்டே வரும், கை நடுங்கத் தொடங்கும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும் என்றாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உடைந்தது. நான் உன் தலையைத் தடவினேன். அதுவும் நடுங்குகிற கையால்தான் தடவினேன். அன்றைக்கு நீ அதை விலக்கவில்லை.

பிறகு கோலாலம்பூரில் பெரிய கூட்டத்தில் நீ பேசியபோது கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டு மூளைத் துண்டுகளின் படம் வந்தது. ஒன்றில் கருப்புப் பட்டை இருந்தது, மற்றதில் இல்லை. நீ நிமிர்ந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் பட்டை இல்லாத மூளையைச் சுட்டிக் காட்டினாய். என் மண்டைக்குள் இருப்பதைத்தான் காட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். பெருமையில் எனக்குக் கண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்தவர் என் கையைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். நான் அவரிடம், "பேசறது என் மவ" என்றேன். யாரோ ஒருவருடைய மூளையை நூறு பேருக்குக் காட்டத் தெரிந்த உனக்கு, உன் அப்பனின் கையைச் சம்பந்தி வீட்டுக்குக் காட்ட ஏன் வெட்கம்?

இப்போது பரிசம் போட்ட நாளுக்கு வருகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். அதைக் கணக்குப் பண்ணி நான் மாத்திரை போட்டேன். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நான் ஓரளவு பழைய மனிதன்: நடப்பேன், சிரிப்பேன், தட்டை ஏந்துவேன். அவர்கள் பினாங்குப் பாலத்து ஜாமில் மாட்டி, வந்து சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது, அடுத்ததைப் போட்டு அது பிடிக்கவுமில்லை. சம்பந்தி படியேறி வருகிறார், பின்னால் பெண்கள் தட்டுகளோடு வருகிறார்கள். அவர்களை வரவேற்க நான் சந்தனத் தட்டோடு வாசலுக்குப் போகிறேன். நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது. இந்த நோய்க்கு வாசற்படிதான் எமன், அங்கே வந்தால் கால் தரையோடு பசை வைத்தது போல் ஆகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். "வாங்க" என்ற வார்த்தை வரவில்லை. முகம் மரக்கட்டை. தட்டை மார்போடு அணைத்து நடுக்கத்தை மறைத்தேன். தட்டை நீட்ட மனமில்லாதவன் போல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது நீ ஓடி வந்து என் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஓரமாக நகர்த்தினாய். அன்று எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய். "பாருங்களேன், அப்பா மேல எவ்ளோ பாசம்" என்று சுங்கை பட்டாணி அத்தை குடும்பக் குழுவில் எழுதியிருந்தாள். நான் பதில் எழுதவில்லை. உன் விரல்கள் என் மணிக்கட்டில் எப்படிப் பதிந்திருந்தன என்பது எனக்குத்தான் தெரியும். குழாயை அடைப்பது போல அழுத்திக்கொண்டிருந்தாய். அன்று மட்டுமல்ல, இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் பிடிக்கிறாய். அதை நான் பாசமென்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு சூலியா தெருவுக்கு வந்தோம். அம்மா பூமாலைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் நாணயம் மாற்றும் கடைக்கு வெளியே, நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குள்ளிருந்து சம்பந்தி வந்தார். முறைக்காக, "வாங்க சம்பந்தி, ஒரு தே குடிப்போம்" என்று பக்கத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். அவர் உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன், கடை வாசலில் கால் நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் நிற்கிறேன், முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் மறுபடியும் வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்கூட உக்காந்து ஒரு தே குடிக்கக்கூடவா புடிக்கல? அன்னிக்கும் வாசல்ல இப்படித்தான் நின்னீங்க. ஒங்க மககிட்ட என் பையன் கேட்டான். 'அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்துல அவ்வளவா இஷ்டமில்ல, போகப் போகச் சரியாயிடுவாரு'ன்னு சொல்லிச்சாம். இப்ப தாரையும் ஒங்க தம்பிதான் வார்க்கிறாராம். நாங்க என்னங்க தப்புப் பண்ணோம்?" என்றார்.

தர்ஷினி, நான் சீக்காளி என்று சொல்வதைவிட நான் திமிர் பிடித்தவன் என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. மாப்பிள்ளையைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப் போனது, நீ வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே சரி என்றேன். அந்த என்னையா, பெண்ணைக் கொடுக்க மனமில்லாதவன் என்று அவர்கள் வீட்டில் பேச வைத்தாய்? ஊரார் சொன்னது அறியாமையில் சொன்னது. நீ அறிந்தே சொன்னாய்.

நான் அவரிடம், "கால்... வரல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையை அவர் முன்னால் நீட்டினேன். அது பாட்டுக்கு ஆடியது. "எனக்குப் பார்க்கின்சன். வாசப்படில கால் நின்னுடும். மொகம் சிரிக்காது. மனசுல ஒன்னுமில்ல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானதோ, அவர் அவ்வளவு நேரமும் நின்று கேட்டார். பிறகு, "அன்னிக்கு ஒங்க வாசல்லயே சொல்லியிருந்தா நான் ஒரு கை குடுத்திருப்பேனே சம்பந்தி" என்றார். லாரி கம்பெனி வைத்திருக்கிற மனிதர், பேச்சு முரடுதான். "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். தெரப்பியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "ஒங்க கால என் காலுக்கு முன்னால குறுக்க வைங்க, தாண்டிருவேன்." கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அவர் தன் செருப்புக் காலைக் குறுக்கே வைத்தார். நான் தாண்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தோம்.

அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது, தே வந்த பிறகு கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது பரம்பரையா வருமா?" நீ பயந்தது இந்தக் கேள்விக்குத்தான் என்று அப்போது புரிந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்திருக்கிறாய். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பிள்ளையைப் பெற்றவன் கேட்கத்தான் செய்வான். நீ சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன். சில குடும்பங்களில் மரபணுவில் வரும், பெரும்பாலும் அப்படியல்ல, என் வழியில் வேறு யாருக்கும் இருந்ததில்லை, அதற்கு மேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "பரம்பரையில என்ன வந்துச்சின்னு கேக்குறீங்களே, முதுகுல என்ன வந்துச்சின்னும் கேளுங்க" என்றேன்.

உனக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். பேக்டரியில் சேர்வதற்கு முன்னால் நிபோங் திபால் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கும் வேலை பார்த்தேன். மருந்து என்றால் களைக்கொல்லி, பாராகுவாட். முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவில் அடித்துக்கொண்டே போவோம். பம்ப் ஒழுகும். முதுகு நனைந்து கீழே இறங்கும். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது, அரைக்கால் சட்டைதான். நகம் நிறம் மாறி உதிரும், மூக்கில் ரத்தம் வரும். மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் சொன்னால், "தண்ணி மாதிரிதான்டா, போய்க் குளி" என்பான். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு மேலிருந்தவர்கள் அவனிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். டின்னில் மண்டையோடு படம் போட்டிருந்தது. அதில் எழுதியிருந்ததை எங்களுக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை.

ஒருநாள் நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், பல லேப்களில் எலிகளுக்கு இந்த நோயை வரவைத்துப் பார்ப்பதற்கு இதே மாதிரிக் களைக்கொல்லியைத்தான் கொடுக்கிறார்கள் என்று. செல்லின் மின்நிலையத்தைக் கெடுக்கும், அந்தக் கருப்புப் பட்டையைத்தான் முதலில் தாக்கும் என்றாய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எலிக்குக் கொடுக்கிறவர்கள் கையுறை போட்டு அளந்து கொடுக்கிறார்கள். எங்களுக்கு யார் அளந்தது? ஒரு தனி மனிதனின் நோய்க்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது என்று நீ உடனே சொன்னாய். விஞ்ஞானி அப்படித்தான் சொல்ல வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இப்போது இந்த நாட்டில் அதைத் தடை செய்துவிட்டார்கள். நல்லது. என்னோடு பம்ப் சுமந்தவர்களில் எத்தனை பேர் கை இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது, எத்தனை பேர் வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார்கள் என்று யாராவது போய்க் கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரென்று யோசித்துப் பார். அந்தப் பட்டியலில் நான் இல்லை. நீயும் இல்லை.

சம்பந்தி தே கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தே ஆறிவிட்டது. பிறகு, "எங்கப்பாவும் தோட்டந்தான். இதெல்லாம் யாரு நமக்குச் சொன்னா" என்றார். எழுந்திருக்கும்போது, "தாரை நீங்கதான் வார்க்கணும். ஒங்க தம்பி வார்த்தா நான் வாங்க மாட்டேன், பாத்துக்குங்க" என்றார். மறுபடியும் வாசலில் காலைக் குறுக்கே வைத்தார், நான் கேட்காமலேயே. நீ பயந்த கல்யாணம் நிற்கவில்லை, மகளே. நீ சொன்ன பொய் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால்தான் நின்றிருக்கும்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. படத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய மூளை, அது உன்னைப் பார்த்து "பாப்பா" என்று கூப்பிடாது. என் கையைப் பார்க்கும்போது உனக்கு அடுத்து வரப்போகிறதெல்லாம் சேர்ந்து தெரிகிறது, நீ படித்தவள், எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அதனால்தான் அழுத்துகிறாய், அழுத்தினால் நின்றுவிடும் என்பது போல. நிற்காது. அது உனக்கே தெரியும். அழுத்த அழுத்த எனக்கு வலிக்கிறது, நடுக்கம் தோள்வரை ஏறுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது.

ஆகவே நான் சொல்வதைக் கேள். மாப்பிள்ளையிடமும் அவர் அம்மாவிடமும் நீயே உன் வாயால் உண்மையைச் சொல். சம்பந்தி சொல்லியிருப்பார், இருந்தாலும் நீ சொல்ல வேண்டும். எனக்குச் சொன்ன மாதிரியே நூலை வைத்துச் சொல். சித்தப்பாவிடம் நான் பேசிவிட்டேன், அவன், "நானே வேணாம்னுதான் சொன்னேன் அண்ணே, பாப்பா கேக்கல" என்றான். முகூர்த்தம் எத்தனை மணி என்று ஐயரிடம் சரியாகக் கேட்டுச் சொல், மாத்திரையை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொள்கிறேன். மேளக்காரர் லேட், மாலை லேட் என்று இழுத்தடித்தால் மாத்திரை இறங்கிவிடும். இறங்கினால் இறங்கட்டும், அப்போதும் நான்தான் நிற்பேன். மணவறைப் படியில் கால் நின்றால் சம்பந்தி இருக்கிறார். உன் அம்மா பட்டுச்சேலையை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டாள்.

அம்மா செம்பைச் சாய்ப்பாள். என் கை ஆடும். தண்ணீர் இங்கும் அங்கும் தெறிக்கும், உன் பட்டில் படும், மாப்பிள்ளை வேட்டியில் படும், வீடியோக்காரன் அதையும் எடுப்பான். எடுக்கட்டும். உன் கை என் கைமேல் இருக்கும். அன்றைக்கு மட்டுமாவது அதை அழுத்தாதே. சும்மா வைத்துக்கொள்.

அப்பா